2147483647: ஒரு பகா எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நிரல் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை எங்காவது பார்த்திருப்பார்கள். குறி உள்ள 32 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய மதிப்பு இதுதான். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டு வரும் பழைய கணினிக் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று உலக நேரப்படி 3 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அதற்கு அடுத்த விநாடியை எண்ண அவற்றில் இடம் இருக்காது. அதனால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு பெயர்.

எனக்கு இதன்மீது பிடிப்பு வந்தது வேறு காரணத்தால். இது ஒரு பகா எண். அதுவும், பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே போய்ப் பார்க்க முடிகிற பகா எண். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2இன் 136279841ஆம் அடுக்கு கழித்தல் 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை நாம் எழுதிப் பார்க்கக்கூட முடியாது. ஆனால் அதைச் சோதிக்க உதவிய அடிப்படைக் கருவிகள் எல்லாமே இந்தப் பத்து இலக்க எண்ணிலும் அப்படியே வேலை செய்யும். சிறியதில் கை பழகிவிட்டால் பெரியதில் நடப்பது புரிந்துவிடும்.

தேவையானவை: பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவற்றில் பயமில்லாத மனம், ஒரு தாள், அப்புறம் முப்பது இலக்கம் வரை துல்லியமாகக் கணக்கிடும் ஏதாவது ஒன்று. பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் நல்லது. அதில் முழு எண்களுக்கு இலக்க வரம்பு கிடையாது. சாதாரணக் கால்குலேட்டர் பத்துப் பன்னிரண்டு இலக்கத்துக்கு மேல் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். நமக்கோ அந்தக் கடைசி இலக்கங்கள்தான் உயிர். இனி 2147483647ஐ 'நம் எண்' என்றே சொல்கிறேன்.

படி 1: உருவத்தைப் பாருங்கள்

பத்தின் முறையில் எழுதினால் நம் எண்ணில் எந்த ஒழுங்கும் தெரியாது. இரும முறையில் எழுதுங்கள்: வரிசையாக 31 ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை. அதாவது 2³¹ − 1. இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக நிற்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 என்ற ஏழுக்கும் அடுத்து, எட்டாவதாக வருவது நம் எண்.

அடுக்கில் இருக்கும் 31உம் ஒரு பகா எண் என்பதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை. 31க்குப் பதில் 15 என்று வைத்துப் பாருங்கள். பதினைந்து ஒன்றுகளை மும்மூன்றாகக் கட்டலாம்: 111 111 111 111 111. எனவே அது 111ஆல், அதாவது 7ஆல், மீதியின்றி வகுபடும். ஐயைந்தாகக் கட்டினால் 31ஆல் வகுபடும். 32767 = 7 × 4681 = 31 × 1057. அடுக்கைச் சம பங்காகக் கட்ட முடிந்தால் எண்ணும் உடைந்துவிடும். 31 ஒன்றுகளை அப்படிக் கட்ட வழியே இல்லை.

இதைத் திருப்பிச் சொல்ல முடியாது என்பதுதான் முக்கியம். 11 பகா எண்தான்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஆக, அடுக்கு பகா எண்ணாக இருப்பது வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். மீதியை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

படி 2: மீதி எடுக்கும் குறுக்கு வழியைப் பழகிக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியை நிதானமாகச் செய்யுங்கள். இனி வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. ஓர் எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதிக்கு நாம் வகுப்பதே இல்லை, இலக்கங்களைக் கூட்டுகிறோம். 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது நடக்கிறது. அதே போல 2³¹ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. எனவே எந்தப் பெரிய எண்ணையும் 2³¹ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால், நம் எண்ணால் வகுத்த மீதி கிடைத்துவிடும். கூட்டல் நம் எண்ணைத் தாண்டினால் ஒரு முறை கழித்தால் சரி.

ஒன்றைச் செய்து பார்ப்போம். 282475249 × 16807 = 4747561509943. இதை 2147483648ஆல் வகுத்தால் ஈவு 2210, மீதி 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. நம் எண்ணால் வகுத்த மீதி இதுதான். கணினிக்கு இது இன்னும் எளிது. 2³¹ஆல் வகுப்பது என்றால் அதற்குப் பிட்டுகளை இடம் தள்ளுவது மட்டுமே. வகுத்தல் என்ற வேலையே இல்லை. இந்தப் பெருக்கலை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது ஆறாம் படியில் தெரியும்.

படி 3: வகுத்துப் பாருங்கள், ஆனால் ஆய்லர் வகுத்ததைப் போல

பகா எண்ணா என்று பார்க்க நமக்கெல்லாம் முதலில் தோன்றும் வழி, சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே போவது. வர்க்கமூலம் வரை போனால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340.95. அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. கையால் 4792 வகுத்தல்கள் செய்யலாம்தான். ஆனால் ஒன்றில் தவறினாலும் முழு வேலையும் வீண்.

1772இல் லெயோனார்டு ஆய்லர் நம் எண் பகா எண் என்று நிறுவியபோது கண்மூடித்தனமாக வகுக்கவில்லை. நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டார். அந்தத் தர்க்கம் இது.

'ப' என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2இன் அடுக்குகளைப் ப-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 31ஆவது இடத்தில் 1 வரும். மீதிகள் சுழற்சியாக வருபவை. சுழற்சியின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 31 மட்டுமே. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி ப − 1ஆவது இடத்திலும் 1 வர வேண்டும். எனவே ப − 1ஐ 31 வகுக்கும். ப ஒற்றை எண் என்பதால் ப − 1 இரட்டை. ஆகவே ப என்பது 62இன் மடங்கோடு 1 சேர்ந்த எண்ணாகத்தான் இருக்க முடியும்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2³¹ஐப் ப-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. 2³² என்பது 65536இன் வர்க்கம். அதாவது ப-ஆல் மீதி எடுக்கும் உலகத்தில் 2க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒற்றைப் பகா எண்கள் 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7தான் மீதி விடும். இந்த 65536ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், ப-ஐ 248ஆல் வகுத்த மீதி 1 அல்லது 63. அவ்வளவுதான் வாய்ப்பு. 46340க்குள் இந்த வடிவில், பகா எண் அல்லாத 63ஐ விட்டுவிட்டால், 372 எண்கள் தேறும். அதிலும் பெரும்பாலானவை பகு எண்கள். பகா எண்கள் சுமார் 80தான். 4792 வகுத்தல்கள் 80 சொச்சமாகச் சுருங்கிவிட்டன!

தொடக்கத்தை நானே செய்து காட்டுகிறேன். 249 = 3 × 83, தள்ளுங்கள். 311 பகா எண். வகுத்தால் மீதி 35. 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள். அடுத்தது 1303; மீதி 226. அதற்கு அடுத்தது 1489, மீதி 199. இப்படியே 46340 வரை போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எங்குமே மீதி பூஜ்யம் வராது.

இதே வழி தவறானவற்றை எவ்வளவு சீக்கிரம் பிடித்துவிடும் என்பதையும் பாருங்கள். இத்தாலியரான பியெத்ரோ கட்டால்டி 1588இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் பகா எண்கள் என்று சரியாக நிறுவியவர். ஆனால் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அப்படியே என்று சொல்லிவிட்டார். நான்கில் 31 மட்டும்தான் சரி. அடுக்கு 23 என்றால் காரணி 46இன் மடங்கோடு 1. முதல் எண்ணே 47, அதுவே வகுத்துவிடுகிறது. 37க்கு 74 × 3 + 1 = 223. இந்த இரண்டையும் 1640இல் ஃபெர்மா பிடித்தார். 29க்கு 58 × 4 + 1 = 233; அதை 1738இல் ஆய்லரே கண்டுபிடித்தார். வடிவம் தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

படி 4: ஃபெர்மா சோதனையும் அதில் ஒளிந்திருக்கும் குழியும்

எண் பகா எண்ணாக இருந்தால், அதால் வகுபடாத எதையும் 'எண் கழித்தல் 1' அடுக்குக்கு உயர்த்தி மீதி பார்த்தால் 1 வர வேண்டும். பலரும் இங்கே 2ஐத்தான் எடுப்பார்கள், எளிது என்பதால். நானும் முதல் தடவை 2ஐ வைத்துச் சோதித்து, 1 வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். பிறகு 2047ஐ அதே சோதனையில் போட்டேன். அதற்கும் 1 வந்தது. 23 × 89 என்று கண்ணெதிரே தெரிகிற எண்!

காரணம் இதுதான். 2¹¹ஐ 2047ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11இன் மடங்கு. எனவே 2இன் 2046ஆம் அடுக்குக்கும் மீதி 1 வந்தே தீரும். அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எந்த மெர்சென் எண்ணுக்கும், அது பகா எண்ணோ பகு எண்ணோ, இதே கதைதான். 2 இங்கே எதையும் சோதிப்பதில்லை. ஆகவே மெர்சென் எண்களுக்கு 2ஐ அடிமானமாக வைக்காதீர்கள்.

3ஐ வைத்துச் செய்யுங்கள். அதிலும் பாதி அடுக்குக்குப் போங்கள். நம் எண் பகா எண் என்றால், 3இன் 1073741823ஆம் அடுக்கை நம் எண்ணால் வகுத்தால் மீதி −1, அதாவது 2147483646 வர வேண்டும். அடுக்கு நூறு கோடிக்கு மேல் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 1073741823 இரும முறையில் முப்பது ஒன்றுகள். 3இல் தொடங்கி, 'வர்க்கப்படுத்து, 3ஆல் பெருக்கு, மீதி எடு' என்பதை 29 முறை செய்தால் அந்த அடுக்கு வந்துவிடும். பைத்தானில் 'பவ்' செயற்கூற்றுக்கு மூன்று உள்ளீடுகள் கொடுத்தால் ஒரே வரியில் முடியும். 2147483646 வருவதைப் பாருங்கள். ஆனால் இதுவும் பலமான சாட்சி மட்டும்தான். நிரூபணம் அடுத்த படியில்.

படி 5: லூகா–லேமர் சோதனை

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விதி இரண்டே வரி. 4இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் எண்ணை வர்க்கப்படுத்தி, 2ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை முறை செய்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

முதலில் 127இல் கை பழகுங்கள். அடுக்கு 7, எனவே ஐந்து சுற்று. 4 → 14. 14² − 2 = 194, மீதி 67. 67² − 2 = 4487, மீதி 42. 42² − 2 = 1762, மீதி 111. 111² − 2 = 12319, அது சரியாக 127 × 97. மீதி 0. ஐந்தாவது சுற்றில் பூஜ்யம்!

அடுத்து 2047. அடுக்கு 11, ஒன்பது சுற்று: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் இல்லை. ஃபெர்மா சோதனையில் 2ஐக் காட்டித் தப்பித்த எண் இங்கே பிடிபட்டுவிட்டது. காரணி எது என்று தெரியாமலேயே பகு எண் என்று தெரிந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

சரி, நம் எண். 29 சுற்று. 4, 14, 194, 37634, 1416317954 வரை மீதி எடுக்கவே வேண்டாம், எண்கள் சிறியவை. ஐந்தாவது சுற்றில் 669670838. அதன் பிறகு எட்டு முதல் பத்து இலக்க எண்கள் ஒழுங்கே இல்லாமல் தாவிக்கொண்டிருக்கும். 27ஆவது சுற்றில் 1181536708. இதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, இரண்டாம் படியில் பார்த்த மாதிரி மடித்துக் கூட்டினால், 28ஆவது சுற்றில் வருவது 65536.

மூன்றாம் படியில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே எண். 65536இன் வர்க்கம் 2³². நம் எண்ணால் வகுத்தால் மீதி 2. 2 − 2 = 0. 29ஆவது சுற்றில் பூஜ்யம். கலைந்து கிடந்த இருபத்து மூன்று எண்களுக்குப் பிறகு அந்த 65536 வந்து நிற்பதை முதல் முறை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிட அது வேறு அனுபவம். கடைசிக்கு முந்தைய எண் 2க்கு வர்க்கமூலமாகத்தான் இருக்க வேண்டும்; 2க்கு இங்கே 65536, −65536 என்று இரண்டு வர்க்கமூலங்கள்தான். 127இல் நான்காவது சுற்றில் வந்த 111உம் அப்படித்தான்: அது −16, 16² = 256, மீதி 2.

பூஜ்யம் வந்தால் ஏன் பகா எண்? நிரூபணம் சின்னதுதான். 2 + √3, 2 − √3 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 1. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 14. அதாவது நம் வரிசையில் வரும் ஒவ்வொரு எண்ணும், இந்த இரண்டின் 1, 2, 4, 8, 16... ஆம் அடுக்குகளின் கூட்டல். 29ஆவது சுற்றில் பூஜ்யம் என்றால் (2 + √3)இன் 2²⁹ஆம் அடுக்கும் (2 − √3)இன் 2²⁹ஆம் அடுக்கும் சேர்ந்து பூஜ்யம். இரண்டாவது முதலாவதின் தலைகீழி என்பதால், (2 + √3)இன் 2³⁰ஆம் அடுக்கு −1 ஆகிறது. அப்படியானால் அது 1க்குத் திரும்பி வர மிகச் சரியாக 2³¹ அடிகள் எடுக்கிறது.

இப்போது நம் எண் பகு எண் என்று வைத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய பகாக் காரணி ப. ப² நம் எண்ணைத் தாண்டாது. ப-ஆல் மீதி எடுக்கும் உலகத்தில் 'அ + ஆ√3' வடிவ எண்கள் மொத்தமே ப². பூஜ்யத்தைத் தவிர்த்தால் ப² − 1. அது 2³¹ஐவிடக் குறைவு. அவ்வளவு சிறிய இடத்துக்குள் 2³¹ வெவ்வேறு அடிகள் வைக்க முடியாது. எனவே அப்படி ஒரு ப இல்லை. நம் எண் பகா எண். முடிந்தது.

எடுவார் லூகா 1870களில் இந்த வழியைத் திறந்தார். டெரிக் ஹென்றி லேமர் 1930களில் இன்றைய வடிவத்துக்குச் செதுக்கினார். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்களை இன்றும் இதை வைத்துத்தான் உறுதிசெய்கிறார்கள்.

படி 6: ஒன்று குறைத்துப் பாருங்கள்

ஒரு பகா எண்ணின் குணம் அதைவிட ஒன்று குறைந்த எண்ணில் ஒளிந்திருக்கும். நம் எண்ணுக்கு அது 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. எல்லாம் சின்னச் சின்னக் காரணிகள். இவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்தபடியில் இப்படி நொறுங்கிப் போகிற எண் கிடைப்பது பெரிய வசதி.

எதற்கு? சிறிய உதாரணம் பாருங்கள். 7ஆல் மீதி எடுக்கும்போது 3இன் அடுக்குகள் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறு எண்களையும் தொட்டுவிட்டுத்தான் 1க்கு வரும். 2இன் அடுக்குகளோ 2, 4, 1 என்று பாதியிலேயே திரும்பிவிடும். 3 மாதிரி எல்லாவற்றையும் தொடுகிற எண்ணுக்கு பிரிமிட்டிவ் ரூட் என்று பெயர். முழுச் சுற்று எண் என்று சொல்லலாம். நம் எண்ணில் 2இன் சுற்று வெறும் 31 அடி. மிகச் சிறிய முழுச் சுற்று எண் 7. சரிபார்க்க ஏழு கணக்குகள் போதும்: 2147483646ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 ஒவ்வொன்றாலும் வகுத்து, அந்த ஏழு அடுக்குகளுக்கு 7ஐ உயர்த்தி மீதி பாருங்கள். எதிலும் 1 வரக் கூடாது. முழு அடுக்குக்கு 1 வர வேண்டும். இது நடந்தாலே நம் எண் பகா எண் என்பதற்கு இன்னொரு முழு நிரூபணமும் ஆகிவிடும். பகு எண்ணில் இவ்வளவு நீளமான சுற்று இருக்க முடியாது. நம் எண்ணுக்கு இப்படிப்பட்ட முழுச் சுற்று எண்கள் மொத்தம் 53,46,00,000. ஏறக்குறைய நான்கில் ஒன்று.

இங்கேதான் 16807 வருகிறது. 16807 = 7⁵. 2147483646இன் காரணிகளில் 5 இல்லாததால் 7⁵உம் முழுச் சுற்று எண்ணாகவே இருக்கும். 1இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 16807ஆல் பெருக்கி நம் எண்ணால் மீதி எடுங்கள்: 1, 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930... இரண்டாம் படியில் செய்த பெருக்கல் இந்த வரிசையின் ஒரு கண்ணி. பார்க்கத் தற்செயல் எண்கள் மாதிரி இருக்கும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் மீண்டும் 1 வரும். ஸ்டீஃபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988இல் இதைக் கணினியில் தற்செயல் எண்களை ஆக்கும் முறைகளுக்கான குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். சி++ மொழியின் தர வரையறையிலும் இது இருக்கிறது. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க ஒரு வழி: 1இல் தொடங்கி 10,000 முறை செய்த பிறகு 1043618065 வர வேண்டும். இந்த வகை எண் ஆக்கிகளுக்கு லேமரின் பெயர்தான். முந்தைய படியில் பார்த்த அதே லேமர்.

ஒரு எச்சரிக்கை. கடவுச்சொல், மறைகுறி போன்றவற்றுக்கு இதைத் தொடவே தொடாதீர்கள். வரிசையில் ஒரே ஓர் எண் தெரிந்தால் போதும், பின்னால் வருவது எல்லாம் தெரிந்துவிடும்.

படி 7: வர்க்கங்களோடு அதன் உறவு

நம் எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 3. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. ஏனென்றால் வர்க்கங்களை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, இரண்டைக் கூட்டினால் 3 வராது. கழித்தலாக எழுதலாம், ஆனால் ஒரே ஒரு வழியில்: 1073741824² − 1073741823². இரண்டாவது வழி இருந்திருந்தால் அது காரணியைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

மற்றொன்று, இந்த உலகத்தில் வர்க்கமூலம் எடுப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணையும் எடுத்து, 29 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்துக்கொண்டே போங்கள். கடைசியில் நிற்பதுதான் வர்க்கமூலம்! வர்க்கமும் வர்க்கமூலமும் ஒன்றுக்கொன்று நேரெதிராகத் தோன்றும். காரணம், மூலத்துக்கான அடுக்கு நம் எண்ணோடு 1 கூட்டி 4ஆல் வகுத்தது; 2³¹ஐ 4ஆல் வகுத்தால் 2²⁹. அந்த அடுக்குக்கு உயர்த்துவது என்றால் 29 முறை வர்க்கப்படுத்துவதுதான். 2ஐ வைத்துச் செய்து பாருங்கள். எங்கே முடியும் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்: 65536.

படி 8: நிறைவெண்

தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வருகிற எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28, 496, 8128 அடுத்தவை. மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் அதோடு ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும் என்பது யூக்ளிடு காலத்திலிருந்தே தெரியும். இரட்டை நிறைவெண்கள் எல்லாம் இப்படித்தான் வரும் என்று நிறுவியவர் ஆய்லர். நம் எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்: 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண் இனி கிடைக்கவே போவதில்லை என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார்; இதில் பயன் எதுவும் இல்லாதபோது யார் தேடப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். 1876இல் லூகா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியதும் அது பொய்த்தது.

படி 9: அக்கம்பக்கம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பகா எண்களின் வரிசையில் நம் எண்ணுக்கு 10,50,97,565ஆவது இடம். முந்தைய பகா எண் 2147483629, பிந்தையது 2147483659. இரண்டு தள்ளி இருக்கும் 2147483645 ஐந்தால் வகுபடும். அந்தப் பக்கம் 2147483649 மூன்றால் வகுபடும். எனவே இரட்டைப் பகா எண் ஜோடி கிடையாது. ஆனால் அந்த 2147483649ஐ 3ஆல் வகுத்தால் வரும் 715827883 ஒரு பகா எண்.

படி 10: நம் எண்ணையே அடுக்காக வைத்தால்

2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. 2¹²⁷ − 1உம் பகா எண். மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்தால் மீண்டும் பகா எண் வருகிறதே என்று ஆசை பிறக்கும். 2⁵ − 1 = 31, 2³¹ − 1 நம் எண் என்ற வரிசையிலும் அந்த ஆசை தொடரும். அப்படியானால் 2இன் 2147483647ஆம் அடுக்கு கழித்தல் 1? அதற்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதை எழுதாமலே, எந்தக் கணினியிலும் முழுதாகச் சேமிக்காமலே, பகு எண் என்று நீங்கள் வீட்டில் இருந்தபடி நிறுவ முடியும்.

மூன்றாம் படியின் தர்க்கமே இங்கும். காரணி இருந்தால் அது நம் எண்ணின் இரட்டை மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும். 1983இல் கை ஹாவொர்த் கண்டுபிடித்த காரணி 295257526626031. பெருக்கிப் பாருங்கள்: 2 × 68745 × 2147483647 + 1. வடிவம் சரியாக இருக்கிறது.

வகுக்கிறதா என்று பார்க்க, 2இன் 2147483647ஆம் அடுக்கை 295257526626031ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்த்தால் போதும். அடுக்கு இரும முறையில் 31 ஒன்றுகள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்துங்கள், இரண்டால் பெருக்குங்கள், 295257526626031ஆல் வகுத்த மீதியை எடுங்கள். 8, 128, 32768 என்று முதல் மூன்று சுற்றுகள் மனக்கணக்கு. அதே போல மொத்தம் 30 சுற்று. முப்பதாவது சுற்றில் 1 வந்து நிற்கும்.